மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து எழுபது

வண்டிக்கு வேகம் கூடிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணூர் கடலோர ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி என் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். கூடவே போன் திரையைப் படம் பிடித்து அதையும் அனுப்பினேன். படத்தில் பெரிதாக ஒரு எண் மட்டும் இருக்கும். அது என்ன எண் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவி போனபிறகு நான் திருவொற்றியூரில் தனியாக இருக்கிறேன். மகள் கோயம்புத்தூரில். வாடகை வீட்டைக் காலி செய், வண்டியை விற்றுவிடு, இங்கே வந்து எங்களோடு இரு என்று தினமும் போனில் நச்சரிப்பாள். வண்டிக்கு ஆள்கூடப் பார்த்து வைத்துவிட்டார் மருமகன். வண்டிக்கு வயதாகிவிட்டது, இழுவை போய்விட்டது, ஒரு ஆள் காய்கறி வாங்கிவர எதற்குக் கார் என்பது அவள் கட்சி. உண்மையில் அவள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்பதைத்தான் வண்டிமேல் ஏற்றிச் சொன்னாள். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் வண்டியைப் பற்றியே சண்டை போட்டோம்.

ஒருநாள் கோபத்தில் நானே பந்தயத்தைப் போட்டேன். வண்டி மந்தமாகியிருந்தால் விற்றுவிடுகிறேன், பெட்டியைக் கட்டிக்கொண்டு நானும் வந்துவிடுகிறேன். ஆகவில்லை என்றால் இனி இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. மந்தமா இல்லையா என்று யார் தீர்ப்பு சொல்வது என்று கேட்டாள். நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், கருவி சொல்லட்டும் என்றேன். அந்தக் கருவி அவளுக்கும் பழக்கமானதுதான். அவள் அம்மா இருந்தபோதே வாங்கியது.

நான் வேலை பார்த்தது மாதவரம் பக்கம் ஓர் எடைமேடையில். லாரி மேடைமேல் ஏறும், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு கொடுப்பேன். ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. அங்கே உட்கார்ந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். யார் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டான், அளந்து பார்க்க வேண்டும் என்பான். பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், எல்லா வண்டிக்கும் பிக்கப் போய்விட்டது என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது எனக்கு அந்த வியாதி தலைதூக்கியது. போயிருந்தால் எவ்வளவு போயிருக்கிறது? கேட்டால் டீக்கடையில் ஒருவனிடமும் பதில் இல்லை.

பர்மா பஜாரில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கிடைத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகிவிட்டால் வண்டி ஓடும் வேகத்தை அப்படியே போனுக்கு அனுப்பும். போனில் ஒரு செயலியை ஏற்றிவிட்டால், இந்த வேகத்திலிருந்து அந்த வேகத்துக்குப் போக எத்தனை செகண்டு ஆனது என்று காட்டும். விற்றவன், ஒர்க் ஆவலைனா கொண்டாங்க என்றான். நன்றாகவே வேலை செய்தது. இதோடு டயர் காற்று பார்க்க ஒரு சின்ன மானி, போனை மாட்ட ஒரு பிடி. என் ஆய்வுக்கூடம் மொத்தமும் இவ்வளவுதான், சைக்கிள் டயர் வாங்கும் காசுக்குள் அடங்கிவிட்டது.

அளப்பதற்கு ஒரு முறை வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் கிளச்சை விடும் விதத்தில் நேரம் மாறும். அதனால் மூன்றாவது கியரில் முப்பதில் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து, ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தி, எழுபது வரும்வரை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கடல் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும், ஆகவே வடக்கே பார்த்து இரண்டு ஓட்டம், தெற்கே பார்த்து இரண்டு ஓட்டம். நாலின் சராசரிதான் கணக்கு. மற்ற நாளில் அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நிற்கும், சைக்கிள்கூடப் போக முடியாது. ஞாயிறு விடிந்த கொஞ்ச நேரம் மட்டும் ரோடு காலியாக இருக்கும்.

என் மனைவி மீனுக்காக வருவாள். நெட்டுக்குப்பத்தில் படகு வந்து இறங்கும் நேரம் அதுதான். அவள் ராயபுரத்தில் பிறந்தவள், கடை மீனைக் கையால் தொடமாட்டாள். போகிற வழியில் என் சோதனை, அது முடிந்ததும் அவள் மீன் என்று உடன்பாடு. ஓட்டும்போது நான் போனைப் பார்க்கக் கூடாது, அதனால் எண்ணைப் படித்துச் சொல்வது அவள் வேலை. ரேஷன் கடையில் டோக்கன் கூப்பிடுவது மாதிரி இழுத்துப் படிப்பாள்.

"பதினொண்ணு. போதுமா? சீக்கிரம் போய்யா, நல்ல மீனெல்லாம் வித்துப் பூடும்."

முதல் ஞாயிறு சராசரி பதினொரு செகண்டு. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்று அவளுக்குப் பெரிய விளக்கம் வேறு கொடுத்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

பெல்ட் விஷயத்தில்தான் எங்களுக்குள் நித்தம் சண்டை. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி மணியடிக்கும். அவள் அதைக் கொஞ்ச நேரம் கத்தவிட்டு, பிறகுதான் போடுவாள். அது பரவாயில்லை. திரும்பி வரும்போது தெருமுனையில் வண்டி திரும்பியதுமே பெல்ட்டைக் கழற்றிவிடுவாள், மீன் பையைத் தூக்கிக்கொண்டு தயாராகிவிடுவாள். அங்கிருந்து வீட்டு வாசல்வரை மணி அடித்துக்கொண்டே வரும். தெருவே திரும்பிப் பார்க்கும். வண்டி நிற்கும்வரை பொறுக்க முடியாதா என்று நான் கத்துவேன். வூடு வந்துட்சே, இன்னும் இன்னாத்துக்குக் கட்டிப்போட்டுகினு என்பாள். ஒரு ஞாயிறும் இந்தச் சண்டை தவறியதில்லை.

ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டேன். எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் அனல்மின் நிலையச் சாம்பலால் அடைத்துத்தான் இருக்கும், பழையதைத் தட்டினால் கறுப்பாகக் கொட்டியது. அந்த வாரம் கொஞ்சம் குறைந்தது. பிறகு பிளக் மாற்றினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. டயர் காற்றைச் சரியாக வைத்தேன், ஊசிமுனை அளவு குறைந்தது. சில மாதத்தில் பத்தே முக்காலுக்கு வந்துவிட்டோம். நான் உச்சி குளிர்ந்துபோனேன். பெட்ரோல் கெட்டுவிட்டது என்று டீக்கடையில் சொன்னவனிடம் போனைக் காட்டிச் சண்டையே போட்டேன்.

அந்த மாதங்களில் அவளும் குஷியாகத்தான் இருந்தாள். வருஷ ஆரம்பத்தில், நான் அளக்க ஆரம்பித்த அதே வாரம், மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறி, அறுபத்தெட்டு என்று வந்ததும் முகம் சுருங்கி இறங்கினாள். அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி, சாயங்காலம் மாடவீதியைச் சுற்றி நடை. எடை இறங்க ஆரம்பித்தது. ஜாக்கெட்டையெல்லாம் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கினாள், பிறகு இன்னொரு தடவையும் பிடித்து வாங்கினாள். வீடியோவில் பார்த்த மகள், அம்மா சின்னப்பொண்ணு மாதிரி ஆயிட்ட என்று கிண்டலடித்தாள். வண்டிக்கும் முன்னேற்றம், எனக்கும் முன்னேற்றம் என்று இவள் சிரித்தாள்.

பிறகு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரொம்ப முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

அவள் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை. நான் கோபக்காரன், கோபப்பட ஆள் வேண்டும். சுவரோடு எவ்வளவு நேரம் கத்துவது? காலையில் எழுந்தால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலம் ஆகிவிடும். பால் பாக்கெட் வாங்கும்போது என் குரலே எனக்கு வேற்று ஆள் குரல் மாதிரி கேட்கும். தனிமை பழகிவிடும் என்று துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். பழகவில்லை. கோயம்புத்தூர் போனால் பேச ஆள் இருக்கும்தான். ஆனால் அங்கே நான் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காரும் விருந்தாளி. இங்கே உப்பு டப்பா அவள் வைத்த இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

அதனால்தான் அந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. மறுபடியும் கருவியைச் செருகினேன். ஞாயிற்றுக்கிழமை போய் நாலு ஓட்டம் ஓட்டினேன். படித்துச் சொல்ல ஆளில்லை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வண்டியை நிறுத்தி நானே போனைப் பார்த்து நானே வாய்விட்டுப் படித்தேன். பத்தேகால். நம்ப முடியாமல் இன்னொரு நாலு ஓட்டினேன். பத்தேகால்தான். மாதக்கணக்கில் மெக்கானிக் கை படாத வண்டி, ஒன்றும் மாற்றாமலே அரை செகண்டு முந்திக்கொண்டு ஓடுகிறது. ஃபில்டரும் பிளக்கும் நன்றாக செட் ஆகிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் மகளுக்குச் செய்தி போனது. சரி நைனா, நீ ஜெயிச்ச என்று மட்டும் பதில் வந்தது. மீன் வாங்காமல் வீடு திரும்பினேன். கழுவிக் குழம்பு வைத்து ஒரு ஆள் தின்பதற்கு யார் மெனக்கெடுவது.

ஜெயித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். மறுநாள் மாதவரம் போய்ப் பழைய எடைமேடையில் இறங்கினேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் என்னிடம் தொழில் பழகியவர், பத்து வயது இளையவர், நான் போனால் டீ சொல்லாமல் விடமாட்டார். போனைக் காட்டி, பதினொன்றில் ஆரம்பித்துப் பத்தேகால்வரை வந்த கதையைச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மேடைமேல் வைத்துக்கொண்டே தலையாட்டிக் கேட்டார்.

பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று மேடைமேல் ஏறியது. காலையில் காலியாக வந்து எடை போட்டுப் போன வண்டியாம். கிளீனர் கதவைத் திறந்து இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான். இவர் மைக்கை எடுத்தார்.

"ஏய் கிளீனரு, காலி எடைக்கு உள்ள குந்திகினு இருந்த இல்ல? இப்ப எங்க எறங்கிப் போற? ஏறி குந்து."

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. காலி எடையில் உள்ளே இருந்தவன் லோடு எடையில் இறங்கிவிட்டால், ஒரு ஆள் எடைக்கு இரும்பு சும்மா கிடைத்துவிடும். முதல் எடையில் யார் யார் இருந்தார்களோ, இரண்டாவது எடையிலும் அவர்களே இருக்க வேண்டும். அதே மைக்கில் அதே வாக்கியத்தை நான் எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன்! கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை அப்படியே மேஜைமேல் வைத்தேன். இன்னா அண்ணாத்த, சக்கரை கம்மியா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். முதல் எடையில் இரண்டு பேர். இப்போது ஒருவன். ஊரிலிருக்கும் கிளீனரையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்ற விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் இல்லை என்று தினமும் நூறு தடவை நினைக்கிறேன், ஆனால் அவள் எடை இல்லை என்று ஒருதடவைகூட நினைக்கவில்லை.

விஷயம் தெரிந்தபிறகு அளக்காமல் இருக்க என்னால் முடியாது. தண்டையார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான பாய் அரிசிக்கடைக்குப் போனேன். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு, உதிரியாகப் பதினெட்டு கிலோ, ஆக மொத்தம் அறுபத்தெட்டு என்று கேட்டேன். மாதம் ஐந்து கிலோ வாங்குகிறவன் இப்படிக் கேட்டதும் பாய் நிமிர்ந்து பார்த்தார். வூட்ல இன்னா விசேஷம் என்றார். ஆமாம் விசேஷம்தான் என்றேன். ஒரு ஆள் ஒரு வருஷம் தின்றாலும் தீராத அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மூட்டை மூன்றையும் பக்கத்து சீட்டில் அடுக்கினேன். வண்டி நகர்ந்ததும் மணி அடித்தது. அவள் போனபிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை இழுத்து மூட்டைகளைச் சுற்றி மாட்டினேன். மணி நின்றது.

அதே ரோடு, அதே மூன்றாவது கியர். வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு. பெட்ரோலை அதே அளவில் வைத்திருந்தேன், காற்றும் அன்றைக்குப் பெரிதாக இல்லை. நாலும் முடிந்து போனைப் பார்த்தேன். பதினொன்று.

வண்டி மந்தமாகவும் ஆகவில்லை, வேகமாகவும் ஆகவில்லை. முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பந்தயப்படி நான்தான் ஜெயித்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கணக்கு தானாக வந்து நின்றது. புது ஃபில்டர் உள்ளேதான் இருக்கிறது, புதுப் பிளக் உள்ளேதான் இருக்கிறது, டயர் காற்றும் சரியாக இருக்கிறது. எல்லாம் இருந்தும் பதினொன்று. அப்படியானால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்ன அந்தப் பத்தே முக்கால் எங்கிருந்து வந்தது? நான் ஃபில்டருக்கும் பிளக்குக்கும் கொடுத்த பாராட்டெல்லாம் யாருக்குச் சேர வேண்டியது?

அவள் கரைந்துகொண்டிருந்தாள். பஜாரில் வாங்கிய அந்தச் சின்னக் கருவி அதை வாரா வாரம் அளந்து காட்டியது. அவளே அதை இழுத்து இழுத்துப் படித்தாள். நான் சபாஷ் சொன்னேன்.

மலிவாகக் கிடைத்த கருவி, அதன் பேச்சை இவ்வளவு தூரம் நம்பலாமா என்று கேட்கலாம். காற்று இருக்கிறது, சூடு இருக்கிறது, என் கால் அழுத்தும் அழுத்து இருக்கிறது. நானும் அதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனசு ஏற்கவில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்தபடி வண்டிக்குள்ளேயே அழுதேன். ஆள் இல்லாத ரோடு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். வண்டி வேகமானது என்று சொன்னது தப்பு, வண்டியில் ஒன்றுமே மாறவில்லை என்றேன். அப்போதும் நீதானே ஜெயித்தாய் என்றாள். பிறகு மூட்டையைப் பற்றிச் சொன்னேன், பத்தே முக்காலைப் பற்றிச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நானுந்தான் நைனா பாத்தேன்," என்றாள். "சின்னப்பொண்ணு மாதிரி கீறன்னு சொன்னேனே. எனக்கும் தெரில."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு டேங்கர் லாரி மட்டும் ஆடி ஆடித் தாண்டிப் போனது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவரோடு சேர்ந்து சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

வைக்கும்முன் சொன்னாள்: "வண்டிய விக்காத நைனா. அடுத்த மாசம் நான் வரேன். அந்த சீட்ல நான் குந்திகினு படிக்கறேன்."

சரி என்றேன்.

எர்ணாவூர் தாண்டி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வெயில் ஏறிவிட்டது, லாரிகளும் கிளம்பிவிட்டன. மூட்டைகள் பெல்ட்டுக்குள் அசையாமல் இருந்தன. எங்கள் தெருமுனை வந்தது. வண்டியைத் திருப்பியதும் என் கை தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போய் பெல்ட்டைக் கழற்றிவிட்டது.

மணி அடிக்க ஆரம்பித்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார், இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வீட்டு வாசல்வரை அது அடித்துக்கொண்டே வந்தது. அன்றைக்கு நான் கத்தவில்லை.